வளைவில் நேர்மை

மனிதன் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது பாதி உண்மை. சக்கரத்துக்கும் மேலானது ஒப்பம். சக்கரம் இல்லாத பொருளைத் தலையில் சுமந்தாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். ஒப்பம் இல்லாத சக்கரம் கிடங்கு வாசலைக்கூடத் தாண்டாது. இந்தப் பேருண்மையை உணர்ந்து, அதற்காகத் தன் தோள்பட்டையையே கொடுத்த ஒரு மாமனிதரின் வரலாறு இது.

அவர் லாங்போர்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். லாங்போர்டு என்பது ஓர் ஆள் நின்றபடியே மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போவதற்காகச் செய்யப்பட்ட நீளப் பலகை. அடியில் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சக்கரங்கள். சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் உலோக அச்சுக்கு அந்தத் தொழிலில் 'டிரக்' என்று பெயர். லாரிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இதைக் காப்பீட்டு அலுவலருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவர் தம் பணிக்காலத்தில் எந்தக் கோப்பையும் திருப்பி அனுப்பியதில்லை. மேசைக்கு வந்தது எதுவாயினும் அதன் அடியில் அவருடைய கையெழுத்து, கொடியில் பூத்த மல்லிகைபோல் தானாக மலர்ந்துவிடும். ஆகவே அலுவலகம் அவருக்கு 'ஒப்பம்' என்று பெயர் வைத்திருந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே 'ஒப்பம் சார்' ஆயிற்று. அவர் அதையும் ஒப்புக்கொண்டார்.

தம் வாழ்நாளில் அவர் ஒரு லாங்போர்டு மீதும் ஏறியதில்லை. "சமையல்காரன் சட்டியில உக்காந்தா பாக்கறான்?" என்று கேட்பார். 

நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரை எல்லாரும் எம்.டி. என்பார்கள். அவர் ஒருமுறை மலைமேல் இருந்த ஓர் ஓட்டலில் நடந்த 'நிமிர்ந்த தலைமை' என்னும் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது முதுகெலும்போடு வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே கழுத்து வளையவில்லை. வரவேற்பறையில் கிடந்த சோபாவைப் பார்த்தார். அதில் சாய்ந்தபடி ஒரு விற்பனையாளர் கண்ணயர்ந்திருந்தார்.

"இதுதான் நம்ம பிரச்சினை," என்றார் எம்.டி.

அன்று மாலையே 'சாய்வு ஒழிப்பு இயக்கம்' தொடங்கியது. முதுகு உள்ள நாற்காலிகள் அகற்றப்பட்டு முக்காலிகள் வந்தன. கிடங்கில் சுவரில் சாத்தியிருந்த ஏணி, ஒழுங்கீனம் கருதிப் படுக்கவைக்கப்பட்டது. கணினியில் சாய்ந்த எழுத்துகளைப் பயன்படுத்தினால் விளக்கம் கேட்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. கணக்குப் பிரிவில் ஒரு பெண்மணி தலையைச் சற்றுச் சாய்த்தே பேசும் பழக்கமுள்ளவர். அவருக்குக் கழுத்துப்பட்டை வழங்கி நிறுவனம் தன் மனிதநேயத்தை நிரூபித்தது.

எல்லாம் நிமிர்ந்தன. பொருள் ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஒரு கூட்டம் கூட்டப்பட்டது.

"நம்ம பலகை ஏன்யா சாயுது?" என்று எம்.டி. கேட்டார். மாதிரிப் பலகை ஒன்றின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, அது ஒரு பக்கமாக இறங்குவதைக் கூட்டத்துக்குக் காட்டினார். ஏதோ பொதுமேடையில் ஒருவனின் குற்றத்தை அம்பலப்படுத்துவதுபோல் இருந்தது. "அமுக்கினா அமுங்குது. இந்தப் பக்கம் தட்டினா இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தட்டினா அந்தப் பக்கம். இதுக்குக் கொள்கைன்னு ஒண்ணு இருக்கா?"

வடிவமைப்பாளர் ஒல்லியான மனிதர். எப்போதும் வாயில் ஒரு பென்சில் இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"சார், டிரக் சாயணும் சார். பலகை சாயும்போதுதான் அச்சு திரும்பும். அதுதான் அதோட ஸ்டியரிங். நடுவுல ஒரு ரப்பர் வளையம் வெச்சிருக்கோம், அது அமுங்கினாத்தான்..."

"அந்த ரப்பரைக் கல்லு மாதிரி பண்ண முடியுமா?"

"முடியும் சார். ஆனா சாயலைன்னா திரும்பாதே."

"நேர்மை ஏன்யா திரும்பணும்?"

 விளம்பரப் பிரிவு அதிகாரிக்குக் கண்கள் கலங்கின. "சார், அதுதான் பேரு!" என்று அவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "'நேர்மை'! கீழே ஒரே ஒரு வரி: 'நேர்மை சாயாது!'"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. வடிவமைப்பாளர் பென்சிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று கூட்டக் குறிப்பு சொல்கிறது. பென்சிலைக் கடிப்பதும் ஏகமனதில் அடக்கம்.

புதிய பலகையைச் சரிவில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு சோதனை ஓட்டுநருடையது. அவள் ஒப்பத்தின் மனைவியுடைய தங்கை. அந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததும் ஒப்பம்தான். வாய்த்துடுக்கு அதிகம் என்பதால் வீட்டில் யாரும் அவளிடம் வாயைக் கொடுக்கமாட்டார்கள். அலுவலகத்தில் ஒப்பத்தைச் 'சார்' என்றும் வீட்டில் 'அத்தான்' என்றும் அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கோபம் வந்தால் ஏற்பாடு மாறிவிடும்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சரிவுப் பாதை தண்ணீர்த் தொட்டிவரை இறங்கும். பாதிவரை நேர்பாதை, பிறகு இடப்பக்கம் ஒரு வளைவு. வளைவின் வெளிவிளிம்பில் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். அவள் 'நேர்மை'யில் ஏறி இறங்கினாள். நேர்பாதையில் அம்புபோல் போனாள். வளைவில் டயருக்குள் போனாள். முழங்கையில் தோல் உரிந்து, தலைக்கவசத்தில் மண்ணோடு ஒப்பத்தின் அறைக்கு வந்து, பலகையை மேசைமேல் போட்டாள்.

"அத்தான், இது ஆகாது."

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை..."

"சார், இது ஆகாது. விளக்கமா சொல்றேன், கேட்டுக்கங்க. வளைவுல நான் உள்பக்கமா சாயறேன். பலகையும் என்கூட சாயணும். அது சாயச் சாய அச்சு திரும்பும். என் எடை சக்கரத்து மேல ஒழுங்கா இறங்கும். சக்கரம் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். எவ்வளவு சாஞ்சிருக்கு, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்குக் கால்லயே தெரியும். மிச்சம் தீர்ந்துபோச்சுன்னா அடுத்தது சறுக்கல்தான். அதுவும் முன்னாடியே தெரியும்."

"நீங்களே வேணும்னுதானே சறுக்குவீங்க?"

"ஆமா. வேகத்தைக் குறைக்க வேணும்னே பலகையைக் குறுக்கே தள்ளிச் சறுக்குவோம். அது வேற. அது நாம சறுக்கறது. இது நம்மளைச் சறுக்க வைக்குது. நான் சாயறேன், இது மரக்கட்டை மாதிரி நிக்குது. நிக்குது, நிக்குது, நிக்குது, திடீர்னு மொத்தமா கைவிட்டுடுது. ஒரு வார்த்தை சொல்லாம."

"சரி, அப்போ ரொம்ப சாஞ்சா ரொம்பப் பிடிக்குமா?"

"ரொம்ப சாஞ்சா பலகையோட விளிம்பு சக்கரத்துல போய் உரசும். சக்கரம் நின்னுடும். நாம நிக்கமாட்டோம். எதுக்கும் ஒரு அளவு இருக்கு."

ஒப்பம் கைகளை விரித்தார். "சாஞ்சாத்தான் பிடிப்புங்கற. அதிகமா சாஞ்சா விழுவோம்ங்கற. ஏதாவது ஒரு பக்கமா பேசும்மா."

உண்மையில் சாய்வுக்கும் பிடிப்புக்கும் உள்ள தொடர்பை ஒப்பத்தைவிட நன்றாக அறிந்தவர் அந்த நிறுவனத்திலேயே கிடையாது. எம்.டி. இடப்பக்கம் திரும்பினால் இவர் மனம் இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம். எந்த வளைவில் எவ்வளவு சாய வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் காலில் தெரியும். அவருக்குமுன் அந்த நாற்காலியில் இருந்த மூவரும் நேராக நின்று, ஏதோ ஒரு திருப்பத்தில் சொல்லாமல் கொள்ளாமல் சறுக்கிப் போனவர்கள். இவர் மட்டும் இத்தனை காலமாக நாற்காலியைக் கவ்விப் பிடித்திருந்தார். ஆகவே அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாமல் இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் சிலர் அவரை 'விவரம் தெரியாதவர்' என்று இழிவுபடுத்தினார்கள். அது அபாண்டம். அவர் எல்லா விவரமும் தெரிந்துதான் செய்தார்.

அவள் போனதும் அவர் அறிவியல் முறைப்படி தாமே ஒரு சோதனை நடத்தினார். பலகையை மேசைமேல் வைத்தார். அதன்மேல் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. ஓரத்தை விரலால் அழுத்தினார். குமிழி அசையவில்லை. அறிக்கை எழுதினார்: "சாய்வு இல்லை. மேசையின் மீது பிடிப்பு மிகச் சிறப்பு. சோதனை ஓட்டுநர் சில பயனுள்ள கருத்துகளைத் தெரிவித்தார்." அடியில் மல்லிகை மலர்ந்தது.

அன்று வீட்டில் அவருடைய மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் நூலகர். நாள் முழுக்க மெல்லிய குரலில் பேசிப் பழகியவர், வீட்டிலும் அப்படித்தான். அந்தக் குரல் உயர்ந்து ஒப்பம் கேட்டதில்லை. அதனாலேயே அவருக்கு அந்தக் குரலிடம் பயம்.

"தங்கச்சி முழங்கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சின்னக் கீறல்தான்."

"அறிமுக விழாவுல அவளையே ஓட்டச் சொல்லியிருக்காங்களாமே. எல்லா விற்பனையாளருங்களும் வராங்களாம்."

"ஆமா. சோதனை ஓட்டுநர்தானே ஓட்டணும்."

"அந்தப் பலகையில அவ ஓட்டலாமா?"

"சான்றிதழ் குடுத்தாச்சு."

"நான் அதைக் கேக்கலைங்க," என்று சொல்லிவிட்டு மனைவி காலரைத் திருப்பிப்போட்டுத் தேய்த்தார். ஒப்பம் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். அது ஏதோ சமையல் நிகழ்ச்சி. அதை அவர் மிகுந்த ஈடுபாட்டுடன் பார்த்தார்.

அறிமுக விழா அந்தச் சரிவுப் பாதையின் உச்சியிலேயே நடந்தது. பந்தல், முக்காலிகள், ஒலிபெருக்கி, விற்பனையாளர்கள், ஊழியர்களின் குடும்பங்கள். எம்.டி. விரைப்பாக நின்று உரையாற்றினார். "இன்னிக்கு உலகம் எங்க போயிட்டிருக்கு? எல்லாரும் வளைஞ்சு குடுக்கறாங்க. நாங்க வளையமாட்டோம். எங்க பலகையும் வளையாது," என்றார். பாதை வளைகிறதே என்று ஒரு விற்பனையாளர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

பிறகு சோதனை ஓட்டுநர் அழைக்கப்பட்டாள். அவள் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள். வாழ்த்துரை வழங்கப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"நான் இதை ஓட்டமாட்டேன் சார். ஒருமுறை ஓட்டிட்டேன். இது வளைவுல பிடிக்காது. வாங்கறவங்களும் விழுவாங்க."

பந்தல் திகைத்தது. விளம்பர அதிகாரி கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் கைகளைப் பாதியில் வைத்துக்கொண்டிருந்தார். எம்.டி.க்குக் கழுத்து திரும்பாது என்பதால் உடம்போடு திரும்பினார்.

"இதுக்குத் தரச்சான்று குடுத்தது யாரு?"

ஒப்பம் எழுந்தார். எழுந்திருக்காமல் இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதுதான். ஆனால் கால்கள் பழக்கத்தால் எழுந்துவிட்டன.

"நீங்க சொல்லுங்க. இது பிடிக்குமா, பிடிக்காதா?"

இங்கே நம் மாமனிதரின் மனத்துக்குள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தார், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் கொழுந்தியாள் ஒலிவாங்கியைப் பிடித்தபடி, முழங்கையில் கட்டோடு நின்றாள். அவளும் அவரையே பார்த்தாள். 'பிடிக்காது சார்' என்ற சொற்கள் அவர் தொண்டைவரை வந்தன. உண்மையாகவே வந்தன. அவருக்கே வியப்பாக இருந்தது. ஆனால் தொண்டையிலிருந்து வாய்க்கு வரும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே அவை சறுக்கிவிட்டன.

"பிடிக்கும் சார்," என்றார்.

"அப்போ நீங்களே ஓட்டிக் காட்டுங்க. ஒப்பம் போட்டவரே ஓட்டறது! இதைவிட என்ன விளம்பரம் வேணும்?"

கைதட்டல் வானைப் பிளந்தது. விளம்பர அதிகாரியின் கைகளும் ஒருவழியாக ஒன்று சேர்ந்தன.

தலைக்கவசத்தை அவருக்கு மாட்டிவிட்டவள் கொழுந்தியாள்தான். தாடைக்குக் கீழே வாரை இழுத்து இரண்டுமுறை இறுக்கினாள்.

"அத்தான், முடியாதுன்னு சொல்லிடுங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. வளைவு வரதுக்கு முன்னாடியே ஒரு காலைக் கீழ வெச்சுத் தேய்ச்சு நிறுத்திடுங்க. முடியலைன்னா புல்லுப் பக்கமா இறங்கிடுங்க. வளைவுக்குள்ள மட்டும் போயிடாதீங்க. இது நேரா போற வரைக்கும்தான் நேர்மை."

ஒப்பம் பலகையில் ஏறினார். வடிவமைப்பாளர் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளிவிட்டார். தள்ளும்போது அவர் பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதையும், "மன்னிச்சிடுங்க சார்" என்று முணுமுணுத்ததையும் ஒப்பம் கவனித்தார்.

நேர்பாதையில் அவர் போன அழகை நேரில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். முதுகு விரைப்பாக, கைகள் இரண்டும் துணி காயப்போட்ட கம்புபோல் விரிய, டை தோளுக்குப் பின்னால் பறக்க, ஒரு சிலை ஊர்வலம் போவதுபோல் போனார். பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எம்.டி. ஒலிபெருக்கியில், "பாருங்க! சாய்ஞ்சாரா? சாய்ஞ்சாரா?" என்று முழங்கினார். காற்று காதில் அடித்தபோது ஒப்பத்துக்கே ஒரு மகிழ்ச்சி வந்தது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று நினைத்தார். காலைக் கீழே வைக்க வேண்டும் என்ற யோசனை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கீழே பார்த்தார். பாதை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் கால் வைக்கிற துணிச்சல் அவருக்கு வரவில்லை.

வளைவு வந்தது.

வாழ்நாள் முழுக்கச் சாய்ந்த மனிதர் அல்லவா, உடம்பு தானாகவே உள்பக்கம் சாய்ந்தது. பலகை சாயவில்லை. கல்லான ரப்பர் அமுங்கவில்லை, அச்சு திரும்பவில்லை. சக்கரங்கள் ஒரு விநாடி பிடிவாதமாக நேராக ஓடின. அந்த ஒரு விநாடியில், கொழுந்தியாள் விளக்கிய அனைத்தையும் அவர் உள்ளங்காலால் விளங்கிக்கொண்டார். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காலைக் கேட்டார். கால் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நான்கு சக்கரங்களும் ஏகமனதாக வெளிப்பக்கம் சறுக்கின.

முதலில் ஓடி வந்தவர் மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சரிவில் வெறுங்காலோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் தங்கை. டயர்களுக்கு நடுவே கிடந்த ஒப்பத்தின் வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பலகை மட்டும் வெகுதூரம் தள்ளி, புல்வெளியில் அப்பழுக்கில்லாமல் நிமிர்ந்து நின்றது. அந்தப் படம்தான் மறுநாள் விளம்பரத்தில் வந்தது.

வலது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையை மடித்து மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். விபத்துக்கான காரணத்தை ஆராய விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நிறுவன விதிப்படி அத்தகைய குழுவுக்குத் தரக்கட்டுப்பாட்டுத் தலைவரே தலைவர். ஆகவே குழு, தலைவரின் கட்டிலைச் சுற்றிக் கூடியது. எம்.டி., மனிதவள அதிகாரி, விசேஷ அழைப்பாளராகக் காப்பீட்டு நிறுவனத்து அலுவலர்.

அலுவலர் கையில் வடிவமைப்பாளர் எழுதிக்கொடுத்த விபத்துக் குறிப்பு இருந்தது. அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

"லாரி எங்க நிக்குது?"

"எந்த லாரி?" என்றார் மனிதவள அதிகாரி.

"'டிரக் சாயாததால் ஏற்பட்ட விபத்து'ன்னு எழுதியிருக்கே. லாரி சாஞ்சா விபத்து. சாயாத லாரியால எப்படிங்க விபத்து வரும்? சாயாத லாரி ரோட்டுல ஆயிரம் போகுதே."

டிரக் என்றால் சக்கர அச்சு என்று அவருக்கு விளக்கப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க விதியில சாஞ்ச டிரக்குக்குத்தான் இடம் இருக்கு. சாயாத டிரக்குக்கு இல்லை. 'சாய்ந்ததால்'னு மாத்திக் குடுத்தீங்கன்னா பாக்கலாம்," என்றார்.

"மாத்திடலாமே," என்றார் மனிதவள அதிகாரி.

"என்னய்யா மாத்தறது? நேர்மை சாயாது!" எம்.டி. போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளி விழித்துக்கொண்டார். "பலகை சாயல. அத்தனை பேரும் பாத்தாங்க. அன்னிக்கு அங்க சாஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். இவரு!"

குழு தன் தலைவரைப் பார்த்தது. தலைவர் போர்வையைப் பார்த்தார்.

ஆனால் தலைவரே குற்றவாளி என்று குழு முடிவு செய்தால் குழுவின் மதிப்பு என்னாவது? மனிதவள அதிகாரி படித்தவர். ஒரு வழி கண்டுபிடித்தார். ஒப்பம் சார் இயல்பாகச் சாயக்கூடியவர் அல்லர். அவர் சாய்ந்தார் என்றால், வளைவில் சாய வேண்டும் என்ற தவறான கருத்தை யாரோ அவர் மனத்தில் விதைத்திருக்க வேண்டும். விதைத்தது யார்? விழா மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து அவதூறு பேசியது யார்? அறிக்கை அங்கேயே தட்டச்சாகி வந்தது. சோதனை ஓட்டுநர் பணிநீக்கம்.

ஒப்பம் அதை இரண்டுமுறை படித்தார். அவர் எதையும் இரண்டுமுறை படித்தது அதுவே முதல் தடவை.

"சார்... அவ என் கொழுந்தியா சார்."

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் எம்.டி., கனிவாக. "சொந்தம்னு ஒரு பக்கமா சாயக் கூடாது."

"அவ சொன்னது..." என்று ஒப்பம் ஆரம்பித்தார். கட்டுப்போட்ட தோள் வலித்தது. "அவ சொன்னது சரிதானோன்னு எனக்கு..."

"உங்களுக்குப் பதவி உயர்வு போட்டிருக்கேன். காயம் பட்டும் கம்பெனியை விட்டுக்குடுக்காத மனுஷன். நாளைக்கு அறிவிக்கறோம்."

வலது கை கட்டுக்குள் இருந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் அதையே சாக்காக வைத்துத் தப்பித்திருப்பான்; கை இல்லை சார், எழுந்ததும் போடுகிறேன் சார் என்று நாளைக் கடத்தியிருப்பான். கடமை வீரர் அப்படிச் செய்யவில்லை. இடது கையில் பேனாவை வாங்கிக்கொண்டார். எழுத்து சற்றுக் கோணலாகத்தான் வந்தது. மனிதவள அதிகாரி தாளைத் திருப்பி வைத்து, நேராகத் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பெட்டி கட்டியிருந்தார். தங்கைக்கு வந்த பணிநீக்க உத்தரவின் நகல் சாப்பாட்டு மேசைமேல் விரித்துக் கிடந்தது.

"இடது கையிலயும் நல்லாத்தான் போடறீங்க," என்றார், அதே மெல்லிய குரலில்.

"நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா வேற யாராவது போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கட்டுமே."

ஒப்பம் அந்த நகலைக் கவிழ்த்து வைத்தார். "அவளுக்கு வேற இடத்துல நானே சொல்லிவிடறேன். எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க..."

"வேண்டாம். நீங்க சிபாரிசு பண்ணா அதுல ஒரு கையெழுத்து இருக்குமே, அதைப் பாத்துட்டு எடுக்காம விட்டுடுவாங்க." மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "கொஞ்ச நாள் தங்கச்சியோட இருந்துட்டு வரேன். சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன். ஒத்தைக் கையில சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கங்க."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. நூலகங்களில் அப்படித்தான் சாத்துவார்கள்.

மறுநாள் பதவி உயர்வு அறிவிக்கப்பட்டது: 'பொது மேலாளர் (நேர்மை)'. அறையின் கதவில் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். பலகை அமோகமாக விற்றது. 'நேர்மை சாயாது' என்ற வாசகம் பேருந்துகளின் பக்கவாட்டில் ஓடியது. அந்தப் பேருந்துகள் வளைவுகளில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் திரும்பின. ஓட்டுநர்களுக்குக் கொள்கை கிடையாது. கொழுந்தியாள் கடைகடையாகப் போய், வாங்கவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர்கள் சான்றிதழைச் சுட்டிக்காட்டினார்கள். பெரியவர் ஒருவர் தம் தோள்பட்டையையே பணயம் வைத்து ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் என்றார்கள்.

எலும்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க டாக்டர் வரச்சொன்ன நாள் வந்தது. பொது மேலாளர் தனியாகப் புறப்பட்டார். சட்டையின் பொத்தான்கள் ஒரு துளை மாறிப் போயிருந்தன. ஒரு பக்கக் காலர் காதுவரை ஏறியிருந்தது. காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. பெஞ்சு முழுக்கப் பிள்ளைகள். பள்ளிச் சீருடையில், கல்லூரிப் பையோடு. ஒருவனுக்கு மணிக்கட்டில் கட்டு. ஒருத்திக்குக் கன்னம் முழுக்கத் தேய்ந்த புண். பலருக்கு அவரைப் போலவே கையை மடித்து மார்போடு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அம்மாக்களும் அப்பாக்களும், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

நர்ஸ் கதவைத் திறந்து குரல் கொடுத்தார். "நேர்மை கேஸெல்லாம் இந்தப் பக்கமா வாங்க! மத்தவங்க அந்தப் பெஞ்சுல உக்காருங்க!"

வரிசையில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாருமே எழுந்தார்கள். பொது மேலாளர் மட்டும் சுவரோரமாக நகர்ந்துகொண்டார். கன்னத்தில் புண் இருந்த பெண் அவருடைய தோள் கட்டைப் பார்த்தாள். பெரியவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லைபோலும் என்று நினைத்தாள். இடம்விட்டு நகர்ந்து நின்று, மரியாதையாகக் கேட்டாள்:

"அங்கிள், நீங்களும் நேர்மையா?"

அறையே திரும்பிப் பார்த்தது.

"இல்லம்மா," என்றார்.

அவர் தம் பணிக்காலத்தில் வழங்கிய சான்றுகளில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். அதில் மட்டும் அவர் கையெழுத்துப் போடவில்லை.